எங்க தெருப் பிரச்சினையை யார்ட்டச் சொல்றது? மதுரை மாநகராட்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். 2011இல் மதுரை மாநகராட்சியோடு சேர்த்த பகுதி ஒன்றில் குடியிருக்கிறேன். எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் மனு எழுதிக்கொடுப்பது என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளையார் கோயில் திண்ணையில் உட்கார்ந்தால் பத்துப் பேராவது வந்துவிடுவார்கள். சாக்கடை, தண்ணீர், வரி, நாய் என்று ஆளுக்கு ஒன்று கேட்பார்கள். பாதிப் பேர் வரும்போதே சோர்ந்துபோய் வருகிறார்கள். வேறு ஏதோ ஒரு வாசலில் நின்று நின்று திரும்பியவர்கள் அவர்கள். அந்த அலைச்சல் மற்றவர்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன்.

டீச்சர், நம்ம ஏரியா மாநகராட்சியா, ஊராட்சியா? பெரியவுக இப்பவும் பஞ்சாயத்து ஆபீஸுன்னுதான சொல்றாக?

மாநகராட்சிதான். மதுரை 1866இல் நகராட்சி ஆனது. 1971 மே 1ஆம் தேதி மாநகராட்சி ஆனது. தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த மாநகராட்சி நம்முடையது. 2011 வரைக்கும் 72 வார்டுகள். அந்த வருஷம் ஆனையூர், திருப்பரங்குன்றம், அவனியாபுரம் நகராட்சிகளும், திருநகர், ஹார்விபட்டி, விளாங்குடி பேரூராட்சிகளும், சுற்றியிருந்த 11 ஊராட்சிகளும் உள்ளே வந்து 100 வார்டுகள் ஆயின. சுமார் 52 சதுர கிலோமீட்டராக இருந்த ஊர் ஒரே வீச்சில் 148 சதுர கிலோமீட்டர் ஆகிவிட்டது. எல்லைக் கோடு ஒரு நாளில் நகர்ந்தது. தண்ணீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் அந்த வேகத்தில் நகரவில்லை. இந்தப் பக்கத்தில் வரும் கேள்விகளில் பாதிக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

மேயர், கமிஷனர், கவுன்சிலர்... இதுல யாரு பெரியவுக?

பெரியவர் சின்னவர் என்று பார்ப்பதைவிட யார் முடிவெடுக்கிறார்கள், யார் செய்கிறார்கள் என்று பாருங்கள். கவுன்சிலரை, அதாவது மாமன்ற உறுப்பினரை, நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். கடைசியாக அப்படித் தேர்ந்தெடுத்தது 2022 பிப்ரவரி 19இல். மேயருக்கு நாம் நேரடியாக ஓட்டுப் போடுவதில்லை. 100 கவுன்சிலர்களும் சேர்ந்து தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாமன்றக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறும். அதைச் செயல்படுத்துவது அரசு நியமித்த ஆணையாளரும் அவருக்குக் கீழே உள்ள அலுவலர்களும். தல்லாகுளம் அறிஞர் அண்ணா மாளிகைதான் தலைமையிடம். ஆனால் தெருப் பிரச்சினைக்கு நேராக அங்கே போக வேண்டாம். ஐந்து மண்டல அலுவலகங்கள் இருக்கின்றன. உங்கள் வார்டு எந்த மண்டலத்தில் வருகிறது என்று தெரிந்துகொண்டு அங்கே போங்கள்.

எங்க தெருவுல பாதாளச் சாக்கடை நிரம்பி வாசல்ல ஓடுது. கவுன்சிலர்ட்டச் சொன்னேன், பாக்கிறேன்னாரு. இனி யார்ட்டப் போறது?

இதே பாட்டை நானும் பட்டிருக்கிறேன். ஓர் ஐப்பசி மாதம் எங்கள் தெருவில் மூடி வழியாகக் கழிவுநீர் பொங்கி, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு சுவரோரமாக நடந்தார்கள். நான் தினமும் சுகாதார ஆய்வாளரைத் தேடிப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று வாரம் போன பிறகுதான் அந்த வேலை அவருடையதே இல்லை என்று தெரிந்தது. யாரும் என்னை ஏமாற்றவில்லை. நான் நின்ற மேசை தப்பு.

ஆகவே இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குப்பை, தெருக்கூட்டுதல், வாறுகால் என்று நாம் சொல்லும் திறந்த சாக்கடையின் சுத்தம், கொசு மருந்து, செத்துக் கிடக்கும் மாடு நாய் எல்லாம் சுகாதாரப் பிரிவு. உங்கள் வார்டின் சுகாதார ஆய்வாளரைப் பாருங்கள். பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய், ரோடு, தெருவிளக்கு எல்லாம் பொறியியல் பிரிவு. வார்டு உதவிப் பொறியாளரைப் பாருங்கள். ஒரே சாக்கடைதானே என்று நமக்குத் தோன்றும். மேலே ஓடுவது ஒரு மேசை, மண்ணுக்கடியில் ஓடுவது இன்னொரு மேசை.

அடுத்தது, வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுங்கள், அல்லது மாநகராட்சியின் புகார் தளத்தில் பதியுங்கள். எப்படிக் கொடுத்தாலும் ஒரு புகார் எண்ணோ ஒப்புகை ரசீதோ வாங்காமல் திரும்பாதீர்கள். ஒரு வாரம் கழித்துப் போகும்போது, "போன வாரம் சொன்னேனே சார்" என்றால் அவருக்கு நினைவு இருக்காது. அவருக்கு அன்று முப்பது பேர் சொல்லியிருப்பார்கள். எண்ணைச் சொன்னால் கணினியில் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். அங்கேயும் நகரவில்லை என்றால் அந்த எண்ணையே குறிப்பிட்டு மண்டல உதவி ஆணையாளருக்கு எழுதலாம், 1100க்குப் பேசி முதல்வரின் முகவரித் துறையில் பதியலாம், திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம். முதல் எண் இல்லாமல் இரண்டாவது வாசலுக்குப் போனால் மறுபடியும் அடிவாரத்துக்கே அனுப்பிவிடுவார்கள்.

மாநகராட்சி லாரி வர நாளாகும்ங்கிறாக. ஒரு ஆளைக் கூப்புட்டு மேன்ஹோல்ல இறக்கி அடைப்பை எடுக்கச் சொல்லலாமா?

கூடாது. எவ்வளவு நாளானாலும் கூடாது. 2022 ஏப்ரலில் நம் மதுரை நேரு நகரில் கழிவுநீர் உந்து நிலையத்தில் வேலைபார்த்த மூன்று பேர் விஷவாயுவில் இறந்துபோனார்கள். மூடியைத் திறந்ததும் வாடை அடங்கிவிட்டது, இனி பயமில்லை என்று நினைப்பதுதான் ஆளைக் கொல்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு கூடிவிட்டால் மூக்குக்கு வாடையே தெரியாது. அடுத்த நொடி மயக்கம், தூக்கப் போகிறவரும் உள்ளே விழுவார். மனிதரைக் கொண்டு கழிவு அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆளை இறக்கச் சொன்ன வீட்டுக்காரரும் குற்றவாளிதான். கழிவுநீர் உதவி எண் 14420க்குப் பேசுங்கள், இயந்திர லாரி கேளுங்கள். வீட்டு செப்டிக் டேங்குக்கும் இதே பேச்சுதான். உறிஞ்சி எடுத்த லாரி எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறது என்றும் கேளுங்கள். வாய்க்காலில் திறந்துவிட்டால் அது நம் பக்கத்துத் தெருவுக்கே திரும்பி வரும்.

ரோட்டுல குண்டும் குழியும். புகார் கொடுத்தா, இது எங்க ரோடு இல்லைங்கிறாக. அப்ப யாரு ரோடு?

சில சமயம் அது உண்மைதான். உள்தெருக்கள் மாநகராட்சியுடையவை. கோரிப்பாளையம் மேம்பால வேலை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. நத்தம் சாலையும் அதன் மேலே 7.3 கிலோமீட்டர் ஓடும் பாலமும் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் வேலை. உங்கள் ரோடு யாருடையது என்று சந்தேகம் வந்தால், "இது உங்களுடையது இல்லை என்றால் யாருடையது என்று எழுத்தில் பதில் கொடுங்கள்" என்று கேளுங்கள். ஒரு துறைக்கு வந்த மனு வேறு துறையைச் சேர்ந்தது என்றால் அதை அங்கே அனுப்பிவைப்பது அலுவலகத்தின் கடமை.

குழாய் பதிக்கத் தோண்டிய தெரு என்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும். தோண்டி மூடிய மண் இறுகாமல் மேலே தார் போட்டால் முதல் மழையிலேயே உள்வாங்கிவிடும். வீட்டு இணைப்பு எல்லாம் முடிந்த பிறகு ரோடு போடச் சொல்வதுதான் நல்லது. புது ரோட்டை ஆறே மாதத்தில் மறுபடி வெட்டியதை நம் ஊரில் பார்க்காதவர் யார்?

நாலு நாளைக்கு ஒருக்காதான் தண்ணி வருது, அதுவும் முதல்ல கலங்கலா, வாடையா வருது. என்ன காரணம்க்கா?

இரண்டும் ஒட்டிய விஷயங்கள். குழாயில் எப்போதும் தண்ணீர் அழுத்தத்தோடு நின்றால் ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியேதான் கசியும். நாலு நாள் காலியாகக் கிடக்கும் குழாயில் அழுத்தம் இருக்காது. பக்கத்துச் சாக்கடைக் கசிவு அதே ஓட்டை வழியாக உள்ளே போய்விடும். அடுத்த முறை தண்ணீர் திறக்கும்போது அதுதான் முதலில் வந்து விழுகிறது. குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சினால் இந்தக் கெடுதி இரட்டிப்பாகும். மோட்டார் போட்டிருப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, மாடியில் இருப்பவர்கள் வேறென்ன செய்வார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு வீட்டு மோட்டார் இழுக்கும் அழுக்கை அடுத்த வீட்டுக் குழந்தை குடிக்கிறது.

வாடை வந்தால் ஒரு சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, தேதியும் நேரமும் எழுதி ஒட்டி, அன்றைக்கே உதவிப் பொறியாளரிடம் காட்டுங்கள். எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை வாடை என்று சொன்னால் எங்கே தோண்டுவது என்று கண்டுபிடிப்பது எளிது. அதுவரை கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

இனித் தண்ணீர் கூடுமா என்றும் பலர் கேட்கிறார்கள். வைகை அணைத் தண்ணீரை நம்பியே வெகுகாலம் ஓட்டினோம். தேனி மாவட்டம் லோயர் கேம்பிலிருந்து முல்லைப் பெரியாற்று நீரை எடுத்து, பண்ணைப்பட்டியில் சுத்திகரித்து நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் அதற்காகத்தான். மேல்நிலைத் தொட்டி வரைக்கும் வந்துவிட்டது என்று சொன்னால் அதோடு விடாதீர்கள். தொட்டியிலிருந்து நம் தெருவுக்குப் பகிர்மானக் குழாய் போட்டாயிற்றா, சோதனை ஓட்டம் முடிந்ததா என்று கேளுங்கள்.

மழை பேஞ்சா வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. வாறுகாலை அகலப்படுத்துனாப் போதாதா?

போதாது. 2024 அக்டோபர் 25ஆம் தேதி கொஞ்ச நேரத்தில் கொட்டிய மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை எல்லோரும் பார்த்தோம். அங்கே வாறுகால் இல்லாமலா இருந்தது?

நம் முன்னோர் தண்ணீரை வெளியேற்றுவதற்கு மட்டும் வழி செய்யவில்லை, நிறுத்தி நிறுத்தி அனுப்பினார்கள். ஒரு கண்மாய் நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும், கடைசியில் ஆற்றில் சேரும். வடக்கேயிருந்து வருகிற தண்ணீர் செல்லூர்க் கண்மாய், பந்தல்குடி வாய்க்கால் வழியாகத்தான் வைகைக்குப் போயாக வேண்டும். தல்லாகுளம், பீபிகுளம், உலகனேரி என்று ஊர்ப்பேரிலேயே குளமும் ஏரியும் இருக்கின்றன. தண்ணீர் தன் பழைய வீட்டைத் தேடித்தான் வருகிறது. நடுவில் வாய்க்கால் குறுகிப்போய், ஆகாயத்தாமரையும் குப்பையும் அடைத்துக்கொண்டால் அது தெருவில் ஏறும்.

தெற்கே கிருதுமால் நதி. மச்சாவதாரம் நடந்த இடமாகப் பாகவதம் சொல்லும் கிருதமாலா இதுதான் என்பார்கள். இன்று அதைக் கடக்கும்போது மூக்கைப் பொத்துகிறோம். அது நதி என்றே தெரியாத பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன். ஒரு நாள் வகுப்பையே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு பையன், "டீச்சர், இதுல மீன் இருந்துச்சா?" என்று கேட்டான். அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

யாரிடம் போவது என்றால், வைகையும் பெரும்பாலான கண்மாய்களும் நீர்வளத் துறையிடம். தெருவின் மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம். ஆகவே மனுவின் நகலை இரண்டு இடத்துக்கும் கொடுங்கள். கொடுக்கிற காலமும் முக்கியம். ஐப்பசியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கொடுக்கிற மனுவால் தூர்வார முடியாது. ஆனி, ஆடியில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போது படம் எடுத்துக் கொடுங்கள்.

குப்பை வண்டி வருது, நாங்களும் போடுறோம். அப்புறமும் ஊரு ஏன் இப்பிடிக் கெடக்கு?

மத்திய அரசின் 2024-25 தூய்மை ஆய்வில் 10 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் 40 நகரங்களில் மதுரைக்குக் கிடைத்தது கடைசி இடம். படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பிரிக்காமல் கொடுக்கிற குப்பை அவனியாபுரம் வெள்ளக்கல் கிடங்குக்குப் போய் மலையாகிறது. அங்கே குடியிருப்பவர்கள் அந்தப் புகையையும் ஈயையும் வருஷக்கணக்கில் தாங்குகிறார்கள். விதிகளின்படி ஈரக் குப்பை, உலர் குப்பை, நாப்கின் போன்ற சுகாதாரக் குப்பை, வீட்டு அபாயக் குப்பை எல்லாவற்றையும் தனித்தனியாகக் கொடுப்பது நம் கடமை. நாப்கினைத் தாளில் சுற்றிக் கொடுங்கள், உடைந்த கண்ணாடியைத் தனியாகக் கொடுங்கள். வாங்குகிறவருக்கும் கை இருக்கிறது. பிரித்துக் கொடுத்ததை வண்டியில் ஒன்றாகக் கொட்டினால் அதைப் படம் எடுத்துப் புகார் செய்யுங்கள். வண்டியோடு வருகிற பெண்ணிடம் கத்தாதீர்கள், எத்தனை கூடை வைப்பது என்பதை அவர் முடிவு செய்யவில்லை.

சொத்து வரி ஏறிருச்சு. சரியாப் போட்டிருக்காகளான்னு எப்பிடிப் பாக்கிறது?

உங்கள் வரி மதிப்பீட்டு எண்ணை இணையத்தில் போட்டால் கட்டடப் பரப்பு, பயன்பாடு, அரையாண்டு வரி எல்லாம் தெரியும். வீட்டைக் கடையாகப் பதிந்திருக்கிறார்களா, பரப்பு கூடியிருக்கிறதா என்று நாடாவை வைத்து அளந்து பாருங்கள். தப்பு இருந்தால் மறு அளவீடு கேட்டு எழுதிக் கொடுங்கள். அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதித்தால் வட்டி ஏறும்.

"கொஞ்சம் கொடுத்தால் வரியைக் குறைத்துத் தருகிறேன்" என்று யார் வந்தாலும் வாசலோடு அனுப்புங்கள். 2025இல் சொத்து வரி முறைகேடு வெளிவந்து மண்டலத் தலைவர்கள் ஐந்து பேரும் பதவி விலக நேர்ந்த ஊர் இது. அங்கே குறைந்த ஒவ்வொரு ரூபாயும் ஏதோ ஒரு தெருவின் விளக்கு.

நாய்த் தொல்லை தாங்கல. புடிச்சுட்டுப் போயிட்டுத் திரும்பக் கொண்டாந்து விடுறாகளே?

தெருநாயைப் பிடித்துக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பதுதான் நாய்க் கருத்தடைக்கான 2023 விதிகளின் அடிப்படை. கடித்துவிட்டால் முதலில் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே ராஜாஜி மருத்துவமனைக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் ஊசியைத் தொடங்குங்கள். மஞ்சள், சுண்ணாம்பு வைத்து நேரத்தைக் கடத்தாதீர்கள்.

நடைபாதைக் கடைகளை எடுக்கச் சொல்லி மனு எழுதித் தாங்க டீச்சர்.

எழுதித் தருகிறேன், ஆனால் நீங்கள் சொன்ன வாக்கியத்தை எழுத மாட்டேன். மாசி வீதிகளிலும் பெரியார் பேருந்து நிலையத்திலும் நடக்க இடமில்லை என்பது உண்மை. சக்கர நாற்காலியில் வருபவர் என்ன செய்வார்? ஆனால் அங்கே பூவும் கொய்யாவும் விற்கிறவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான். தெரு வியாபாரிகளுக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டம் நகர விற்பனைக் குழு அமைத்து, கணக்கெடுத்து, அடையாள அட்டை கொடுத்து, விற்கும் இடத்தையும் விற்கக்கூடாத இடத்தையும் வரையறுக்கச் சொல்கிறது. அந்தக் குழுவில் பத்தில் நாலு இடம் வியாபாரிகளுக்கு. "நடக்க இவ்வளவு அகலம் விடுங்கள், இவர்களுக்கு இந்த இடம் கொடுங்கள்" என்று கேட்கிற மனுதான் நிற்கும்.

பகுதி சபான்னு நோட்டீஸ் வந்துச்சு. கட்சிக்காரக கூட்டமா? நாம போகலாமா?

நீங்கள்தான் போக வேண்டும். கிராமத்தில் கிராம சபை மாதிரி நகரத்தில் பகுதி சபா. ஒவ்வொரு வார்டையும் பல பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். அந்தப் பகுதியின் வாக்காளர் எல்லோரும் உறுப்பினர். தமிழ்நாட்டில் முதன்முதலாக 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நடந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டும்.

முதல் கூட்டத்தில் எங்கள் தெருவிலிருந்து நாங்கள் நாலு பேர்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசி, ஒன்றும் பதிவாகாமல் கலைந்தோம். அடுத்த முறை வெள்ளிக்கிழமை ராத்திரியே பெண்கள் கூடி உட்கார்ந்து மூன்றே விஷயம் முடிவு செய்தோம்: ஒரு விளக்கு, ஒரு குழாய், அங்கன்வாடி முன்னால் ஒரு வேகத்தடை. ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பேசினார். கூட்டப் பதிவேட்டில் எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னோம். கையெழுத்துப் போட்டோம். விளக்கு பத்து நாளில் வந்தது. பேசுவதைவிட அந்தப் பதிவேட்டில் ஏறுவதுதான் முக்கியம். வார்டு குழு வேலைகளை வரிசைப்படுத்தும்போது எடுத்துப் பார்ப்பது அதைத்தான்.

ரோடு போட்டுட்டோம்னு கணக்குல இருக்காம், தெருவுல இல்லை. எப்பிடி நிரூபிக்கிறது?

அதற்குத்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை (ஸ்டாம்ப்). 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கும் சரியில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். "ஏன் ரோடு போடவில்லை?" என்று கேட்காதீர்கள், காரணம் கேட்டால் தட்டிக்கழிப்பது எளிது. ஆவணம் கேளுங்கள்: இந்தத் தெருவுக்கான மதிப்பீடு, பணி ஆணை, செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் நகல், ஒப்பந்ததாரர் பழுதுபார்க்க வேண்டிய காலம். நேரில் போய்ப் பார்வையிடவும், போட்ட பொருளின் மாதிரியை எடுக்கவும்கூட அந்தச் சட்டத்தில் உரிமை உண்டு.

பேரு போட்டு மனுக் கொடுத்தா நமக்குத் தொந்தரவு வராதா?

தனியாக நிற்கிறவருக்கு அந்தப் பயம் நியாயமானதுதான். அதனால்தான் நாங்கள் தனி மனு கொடுப்பதில்லை. தெருவில் வீட்டுக்கு ஒரு கையெழுத்து. மனுவும் ஒரு பக்கம்தான்: எந்த இடம், எத்தனை நாளாக, எத்தனை வீடு பாதிப்பு, என்ன செய்ய வேண்டும், முந்தைய புகார் எண். ஒரு படம். யாரையும் திட்டாமல், ஆள் பேரைச் சொல்லாமல் எழுதுவோம். வேலை முடிந்தால் நன்றி என்று இரண்டு வரி எழுதிக் கொடுப்போம். அந்தப் பொறியாளர் அடுத்த முறை நம்மைக் கண்டதும் உட்காரச் சொல்வார்.

உங்க தெருச் சாக்கடை சரியாயிருச்சா டீச்சர்?

சரியாகிவிட்டது. சரியான மேசையில் மனுக் கொடுத்த ஒன்பதாம் நாள் லாரி வந்து அடைப்பை எடுத்தது; பிறகு உடைந்த குழாயையும் மாற்றினார்கள். இப்போது கிழக்கு முக்கில் ஒரு மூடி தார்மட்டத்துக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கிறது. இருட்டில் பைக் வந்தால் ஆபத்து. அதைச் சுற்றிச் சுண்ணாம்பில் வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு செங்கல்லில் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறோம். பதினெட்டு வீட்டுக் கையெழுத்து வாங்கியாயிற்று, இன்னும் நாலு வீடு பாக்கி. நாளைக் காலை மண்டல அலுவலகம் போகிறேன்.